கார்டு ஸ்கேன் தெளிவாக வரவில்லையா? குறையைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

டர்பனில் இருப்பவர் கேப்டவுனில் இருப்பவருக்கு, சேகரிப்பாளர்கள் சேர்க்கும் கிரிக்கெட், யூ-கி-ஓ போன்ற கார்டு ஒன்றை விற்கிறார் என்றால், வாங்குபவருக்கு அதைக் கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. மூலை வெளுத்திருக்கிறதா, ஓரம் உரசியிருக்கிறதா, அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் படத்தை வைத்தே முடிவு செய்வார். படம் மங்கினால் நல்ல கார்டுக்கும் சந்தேக விலைதான் கிடைக்கும்.

படம் சரியில்லை என்றதும் முதலில் எல்லோரும் கை வைப்பது டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்ணில். 600 போதவில்லை என்று 1200, அதுவும் போதவில்லை என்று 4800. கோப்பு பெருத்துக்கொண்டே போகும், மங்கல் மட்டும் அப்படியே இருக்கும். கார்டு குறைகளில் பெரும்பாலானவை இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன: கார்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒளி வந்து விழும் கோணம். புதிய ஸ்கேனர் வாங்கக் கிளம்புவதற்கு முன் உங்கள் குறை கீழே எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில குறைகளுக்கு ஸ்கேனரையே மாற்றத்தான் வேண்டும். பலவற்றுக்கு ஒரு துணியும் ஒரு கறுப்பு அட்டையும் போதும்.

முதலில் ஒரு அடிக்குச்சிச் சோதனை

வீட்டு ஸ்கேனர்கள் இரண்டு வகை. ஒன்று சி.ஐ.எஸ்: தட்டையாக, லேசாக இருக்கும். பெரும்பாலும் யு.எஸ்.பி. கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சென்சார் பட்டை கண்ணாடிக்கு அடியிலேயே ஒட்டி ஓடும். கேனான் லைடு 300, லைடு 400, எப்சன் பெர்ஃபெக்ஷன் வி39 ஆகியவை இந்த வகை. பிரிண்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனர்களும் பெரும்பாலும் இதே வகைதான். மற்றொன்று சி.சி.டி: உயரமாக, கனமாக இருக்கும், தனி அடாப்டர் உண்டு. உள்ளே கண்ணாடிகளும் லென்ஸும் வழியாகப் படம் சென்சாருக்குப் போகும். எப்சன் வி600, வி850, பழைய கேனான் 9000எஃப் ஆகியவை இந்த வகை.

பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், உங்கள் கருவி எவ்வளவு உயரம்வரை தெளிவாகப் பார்க்கிறது என்பதை நீங்களே அளந்துவிடலாம். 15 செ.மீ. பிளாஸ்டிக் அடிக்குச்சியை எண்கள் கீழே பார்க்கும்படி கண்ணாடியில் வையுங்கள். பூஜ்யம் உள்ள முனை கண்ணாடியைத் தொடட்டும். 15 உள்ள முனைக்கு அடியில் காசுகளை அடுக்கி, சரியாக 10 மி.மீ. உயரத்துக்குத் தூக்குங்கள். மூடியைத் திறந்தே விட்டு, மேலே கறுப்புத் துணி போட்டு 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு 3 செ.மீ. கோடும் 2 மி.மீ. உயரத்தைக் குறிக்கும். கோடுகள் ஒன்றோடொன்று கலங்கத் தொடங்கும் இடம் 1.5 செ.மீ. அருகே என்றால், ஒரு மில்லிமீட்டர் தாண்டியதும் உங்கள் ஸ்கேனருக்குப் பார்வை போய்விடுகிறது என்று அர்த்தம். அது சி.ஐ.எஸ். ஆறு, ஏழு வரையிலும் கோடுகள் கூர்மையாக இருந்தால் 4 மி.மீ.க்கு மேல் ஆழம் கிடைக்கிறது. தரம் பிரித்த கார்டை மூடி வைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியான ஸ்லாபுக்கும் அது தாங்கும்.

இந்த ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவதில் பாதி அதை வைத்துத்தான் முடிவாகும்.

வெறும் கார்டு தெளிவு, டாப்லோடரிலோ ஸ்லாபிலோ வைத்தால் மங்கல்

இது சி.ஐ.எஸ். வகையின் இயல்பு, பழுதல்ல. டாப்லோடர் என்பது கெட்டியான பிளாஸ்டிக் உறை. 35 பாயிண்ட் (அங்குலத்தில் ஆயிரத்தில் 35 பங்கு) டாப்லோடரின் உள்வாய் 0.89 மி.மீ. யூ-கி-ஓ போன்ற சாதாரண ஆட்டக் கார்டின் கனமோ சுமார் 0.3 மி.மீ. ஆக டாப்லோடரின் சுவர், ஸ்லீவ் (கார்டுக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் உறை), உள்ளே மிச்சமிருக்கும் காற்று எல்லாம் சேர்ந்து கார்டைக் கண்ணாடியிலிருந்து பிரித்துவிடும். தரம் பிரித்து மூடிய ஸ்லாபில் கார்டு பிளாஸ்டிக்கின் நடுவே நிற்கும். கண்ணாடியிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். காந்த மூடி போட்ட பெட்டிகளிலும் இதே கதிதான்.

வெளியே எடுக்கக்கூடிய கார்டு என்றால் டாப்லோடரை விட்டு எடுத்து, புதிய மெல்லிய ஸ்லீவில் போட்டு வையுங்கள். விலை உயர்ந்த கார்டை வெறுமனே கண்ணாடியில் வைப்பதற்கு முன் கண்ணாடி சுத்தமா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மணல் துகள் போதும், ஃபாயிலில் (மினுக்கும் மெல்லிய படலத்தில்) கீறல் விழ. எடுக்கும்போது நகத்தால் நெம்பவும் கூடாது. ஸ்கேனருக்குள் வைப்பதற்கு முன்பே கார்டின் அடியில் ஒரு மெல்லிய காகிதப் பட்டையை ஓரமாகச் செருகி, வால் வெளியே நீளும்படி விட்டால் அதைப் பிடித்து மெதுவாகத் தூக்கிவிடலாம். பட்டை கார்டின் முகத்தை மறைக்காமல் விளிம்பில் மட்டும், அதுவும் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ஸ்லீவில் இருக்கும் கார்டென்றால் ஸ்லீவின் வாயே அந்த வேலையைச் செய்யும்.

ஸ்லாபைத் திறக்க முடியாது. ஸ்லாப்கள் அதிகம் வைத்திருப்பவருக்கு சி.சி.டி. வேண்டும், வேறு வழியில்லை. கூர்மையாக்கும் மென்பொருள் இந்த மங்கலை மீட்டுத் தராது. ஓரங்களில் வெள்ளை ஒளிவட்டத்தைச் சேர்த்து மூலை வெளுத்தது போலக் காட்டிவிடும், அதனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கார்டின் நடுப்பகுதி மட்டும் அல்லது விளிம்பு மட்டும் மங்கல்

ஒரே படத்தில் ஒரு பகுதி கூர்மை, இன்னொரு பகுதி மங்கல் என்றால் கார்டு வளைந்திருக்கிறது. ஃபாயில் கார்டுகளில் இது மிக அதிகம். எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதை உங்கள் ஊரின் காற்றே சொல்லிவிடும்.

ஃபாயில் கார்டு இரண்டு குணமுள்ள அடுக்குகளால் ஆனது. காகித அடுக்கு ஈரத்தை உறிஞ்சி விரியும், வறண்டால் சுருங்கும். முகத்தில் இருக்கும் ஃபாயில் அடுக்கு இரண்டுக்கும் அசையாது. டர்பன், டோங்காட், ஸ்டாங்கர் போன்ற கடலோரத்தில் கோடைக்காலப் புழுக்கத்தில் காகிதம் விரிகிறது. பின்பக்கம் நீள, முகம் நீளாமல் நிற்க, கார்டு முகத்தை உள்ளே வைத்துக் கிண்ணம் போலக் குழிகிறது. அதைக் கவிழ்த்துக் கண்ணாடியில் வைத்தால் விளிம்புகள் தொடும், நடுப்பகுதி தூக்கிக்கொள்ளும். நடு மங்கும்.

ஜோஹன்னஸ்பர்க், லெனேசியா, பிரிட்டோரியா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், காற்று வறண்டு கிடக்கும். காகிதம் சுருங்கிக் கார்டு எதிர்ப்பக்கமாக, முகம் புடைக்கும்படி வளைகிறது. கவிழ்த்து வைத்தால் நடு தொடும், மூலைகள் தூக்கும். விற்பவருக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் வாங்குபவர் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பதே மூலைகளைத்தான்.

ஸ்கேன் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் கார்டைச் சமன் செய்ய வேண்டுமானால், ஸ்லீவில் போட்டு, மேலே கார்டை விடச் சற்றே பெரிய மென்மையான கறுப்பு ஃபோம் துண்டு வைத்து மூடியைத் தன் கனத்தில் விடுங்கள். கையால் அழுத்தாதீர்கள். சி.ஐ.எஸ். கருவியில் கண்ணாடியை அழுத்தினால் அது வளைந்து, அடியில் ஓடும் சென்சாரின் ஓட்டத்தையும் கெடுக்கும். நிரந்தரமாகச் சமன் செய்ய வேண்டுமானால் கார்டுகளை ஸ்லீவோடு, ஈரத்தை உறிஞ்சவும் வெளியிடவும் செய்து சமப்படுத்தும் 49 சதவீத ஈரப்பதப் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மேலே லேசான பாரம் வைத்துச் சில நாள் விடுங்கள். ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி எதையும் அருகே கொண்டுவராதீர்கள். சூட்டில் ஃபாயில் அடுக்கு கிளம்பிக் கொப்புளமானால் சரிசெய்ய முடியாது.

வளைவு தீராத கார்டுக்கு சி.சி.டி.யின் ஆழம் கைகொடுக்கும். கடலோரத்தில் இருந்து ஃபாயில் அதிகம் சேர்ப்பவருக்கு ஸ்லாப் இல்லாவிட்டாலும் அந்த வகையையே சொல்வோம்.

ஃபாயில் பளபளக்காமல் கறுப்பாக, சாம்பலாக வருகிறது

ஸ்கேனர் வாங்கிய பலர் முதல் நாளே மனம் நொந்து போகும் இடம் இது. கையில் வானவில்லாக மின்னும் கார்டு திரையில் அழுக்குப் பழுப்பாக நிற்கும்.

ஸ்கேனரின் விளக்கு கார்டின் மேல் சுமார் 45 பாகைச் சாய்வில் ஒளியை விழவைக்கிறது. சென்சார் நேராக மேலே பார்க்கிறது. சாதாரண மை ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் ஒரு பங்கு சென்சாருக்கு வந்துசேரும். கண்ணாடி போன்ற பரப்பு சிதறடிக்காது. வந்த ஒளியை மறுபக்கம் அப்படியே தள்ளிவிடும், சென்சாருக்கு எதுவும் வராது. அதனால்தான் டாப்ஸ் குரோம், பனீனி பிரிஸம் போன்ற கார்டுகளின் பின்னணியும் தங்க எழுத்துகளும் கறுத்துப் போகின்றன. கார்டின் ஓரத்தைச் சற்றுத் தூக்கி வைத்தால் சரியாகும் என்று சொல்பவர்கள் உண்டு. அது பலிக்காது. அந்த ஒளி சென்சாருக்கு நேராகத் திரும்ப வேண்டுமானால் கார்டு 22 பாகைக்கு மேல் சாய வேண்டும். அதற்குள் பாதிக் கார்டு தெளிவின் எல்லையைத் தாண்டியிருக்கும்.

பலிப்பது வேறு. வானவில்லாக மின்னும் ஹோலோ பரப்பு பெரும்பாலும் நுண்ணிய பள்ளக்கோடுகளால் ஆனது. அந்தக் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதைப் பொறுத்து அவை ஒளியைத் திருப்பும் திசை மாறும். ஒரே கார்டை நான்கு விதமாக வைத்து ஸ்கேன் செய்யுங்கள்: நேராக, 90 பாகை திருப்பி, தலைகீழாக, மறுபக்கம் 90 பாகை. ஒளி ஒரு பக்கமிருந்து மட்டும் விழும் கருவிகளில் நான்கில் ஒன்று மற்ற மூன்றை விடத் தெளிவாக மின்னும். ஒரே வரிசைக் கார்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரே திசை பொருந்தும், அதனால் வரிசையின் பெயரையும் பொருந்திய திசையையும் குறித்து வைத்தால் அடுத்த முறை ஒரே ஸ்கேனில் வேலை முடியும்.

முழுக் கண்ணாடிப் பரப்புக் கார்டுக்கு ஸ்கேனர் பொருத்தமான கருவியே இல்லை. போனை 30 முதல் 40 செ.மீ. உயரத்தில் தாங்கியில் நிறுத்தி இரட்டைப் பெரிதாக்கத்தில் வையுங்கள். கார்டில் பிரதிபலிக்கும்படி ஒரு பெரிய வெள்ளை அட்டையை எதிரே பிடியுங்கள். பளபளப்பு வெளிச்சமாகத் திரும்பும். ஓரமும் மூலையும் காட்ட ஸ்கேன், மினுக்கம் காட்ட போன் படம், இரண்டையும் சேர்த்துப் போடுவதே நேர்மையான விற்பனை. ஏனென்றால் ஸ்கேனரின் ஒளி ஃபாயிலின் மயிரிழைக் கீறல்களை மறைத்துவிடவும் செய்யும். சாய்ந்த ஒளியில் எடுத்த ஒரு படமாவது இல்லாமல் ‘குறையே இல்லாத கார்டு’ என்று எழுதாதீர்கள்.

சாய்த்தால் படம் மாறும் வரிவரியான பிளாஸ்டிக் கார்டுகளும் இப்படித்தான். தொண்ணூறுகளில் சிம்பா சிப்ஸ் பாக்கெட்டில் வந்த டாசோக்களை (சிறு வட்டத் தட்டுகளை) சேர்ப்பவர்களுக்கு இந்த வகை நன்கு தெரியும். ஸ்கேனரில் இரண்டு படமும் கலந்து குழம்பும். வரிகள் சென்சார் பட்டைக்குச் செங்குத்தாக இருக்கும்படியும், பிறகு இணையாக இருக்கும்படியும் வைத்து இரண்டையும் பாருங்கள். ஒன்று தேறும்.

வானத்திலும் முகத்திலும் அலையலையான கோலம்

கார்டு ஆஃப்செட்டில் அச்சானது. நான்கு மையின் புள்ளிகள் சிறு சிறு ரோஜாவட்டங்களாக அடுக்கப்பட்டிருக்கும். ஸ்கேனரின் பிக்சல் கட்டமும் அந்தப் புள்ளி அடுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தால் இரண்டும் மோதி மோயரே அலைகள் தோன்றும். 300 டிபிஐயில் இது அடிக்கடி வரும்.

600இல் எடுத்து, பிறகு மென்பொருளில் சுருக்குங்கள். 63 × 88 மி.மீ. கார்டு 600இல் 1488 × 2079 பிக்சல் வரும். இணைய விற்பனைக்கு நீளப் பக்கம் 1600 பிக்சலாகச் சுருக்கினால் போதும். 1200இல் எடுத்தால் 2976 × 4157, சுருக்காத கோப்பு ஒன்றுக்கு 37 எம்.பி. போலிக் கார்டை ஆராய்வதற்கோ மூலையை நெருங்கிக் காட்டுவதற்கோ மட்டும் அது தேவை. அதற்கு மேல் போவதில் பலனில்லை. குறிப்பாக பெட்டியில் ‘இன்டர்போலேட்டட்’ என்று போட்டிருக்கும் எண் மென்பொருள் ஊதிப் பெருக்கியது, கருவி உண்மையில் பார்த்தது அல்ல.

‘டீஸ்கிரீன்’ என்ற தேர்வும் அலையை நீக்கும். ஆனால் விற்கும் கார்டுக்கு அதைப் போடாதீர்கள். அது ரோஜாவட்டங்களையே தேய்த்துவிடும். அந்த வட்டங்களும், அவற்றின் மேல் தனியாக, கெட்டியாக விழுந்த கறுப்பு எழுத்தும்தான் கார்டு அசல் என்று அறிந்தவர் பார்க்கும் அடையாளம்.

எண்ணெய் மிதந்தது போல வானவில் வளையங்கள்

ஸ்லீவின் வழவழப்பான பிளாஸ்டிக்கும் ஸ்கேனர் கண்ணாடியும் ஒட்டும்போது நடுவே மிக மெல்லிய காற்றுப் படலம் நிற்கும். அதில் ஒளி இரண்டாகப் பிரிந்து சேர்ந்து நியூட்டன் வளையங்களை உண்டாக்குகிறது. புழுக்கமான நாளில் பிளாஸ்டிக் கண்ணாடியில் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும், வளையமும் கூடும். ஸ்லீவை நீக்குங்கள்.  சி.சி.டி. வைத்திருப்பவர் கார்டின் நான்கு புறமும் அட்டைப் பட்டை வைத்து ஒரு மில்லிமீட்டர் தூக்கிவிட்டால் வளையம் மறைந்துவிடும், தெளிவும் குறையாது.

நீளவாக்கில் ஒரே கோடு

கோடு எல்லாப் படத்திலும் அதே இடத்தில், ஸ்கேனர் ஓடும் திசையில் மேலிருந்து கீழ்வரை வருகிறதா? கார்டைக் குறை சொல்ல வேண்டாம். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் கருவி தன் தொடக்க முனையில் சட்டத்துக்கு அடியிலுள்ள வெள்ளைப் பட்டையைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அந்த இடத்துக் கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால், சென்சாரின் அந்தப் புள்ளி முழுப் படத்துக்கும் தவறாகக் கணக்குப் போடும். சென்சார் பட்டை நின்று கிடக்கும் பக்கத்துக் கண்ணாடி ஓரத்தை, சட்டத்தின் இடுக்குவரை துடையுங்கள்.

கோடாக இல்லாமல் புள்ளிகளாக இருந்தால் தூசி கண்ணாடியில். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடையுங்கள். கண்ணாடியின் மேல் நேராகத் தெளித்தால் சட்டத்தின் இடுக்கு வழியே உள்ளே இறங்கிவிடும். கார்டில் இருக்கும் தூசியைக் கேமராவுக்கான ரப்பர் ஊதியால் நீக்குங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி படும், ஃபாயிலில் அந்தத் தடம் போகாது. சமையல் முடித்த கையோடு உட்காரவும் வேண்டாம். நல்லெண்ணெய்த் தடம் ஒன்று கண்ணாடியில் பட்டால் அன்று எடுக்கும் எல்லாக் கார்டிலும் மங்கலாகத் தெரியும்.

துடைத்தும் போகாத வெண்படலம் என்றால் அது கண்ணாடியின் உள்பக்கத்தில் இருக்கிறது. கடலோர ஈரத்தில் சில ஆண்டுகள் இருந்த கருவிகளில் இது சகஜம். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் மட்டும் திருகுகளைக் கழற்றி உட்புறம் துடைக்கலாம். முடியாத கருவிகளும் உண்டு, கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பயன்படுத்தாத நேரத்தில் மூடிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுப் பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்தால் இந்த நிலை வராது.

ஒரே வரிசைக் கார்டு, ஒவ்வொன்றும் ஒரு நிறம்

தானியங்கி வெளிச்சம்தான் காரணம். இருண்ட கார்டைக் கண்டதும் மென்பொருள் வெளிச்சம் கூட்டும், வெளிர் கார்டைக் கண்டால் குறைக்கும். எப்சன் ஸ்கேனிலும் கேனான் ஸ்கேன்கியரிலும் தொழில்முறை அமைப்புக்குப் போய் தானாகத் திருத்துவது, நிறம் மீட்பது, கூர்மையாக்குவது மூன்றையும் நிறுத்துங்கள். வியூஸ்கேன் என்ற ஸ்கேன் மென்பொருளில் எக்ஸ்போஷரைப் பூட்டும் வசதி உண்டு. காமா 2.2, நிறவெளி எஸ்.ஆர்.ஜி.பி. என்று வைத்து, ஒரு சாம்பல் அட்டையைக் கார்டோடு சேர்த்து ஒருமுறை ஸ்கேன் செய்து, அதை வைத்துத் திருத்திய அமைப்பை ஒரு பெயரில் சேமியுங்கள். பிறகு எல்லாக் கார்டுக்கும் அதையே போடுங்கள்.

வெள்ளை ஓரம் காணாமல் போகிறது, கார்டு வெட்டுப்பட்டு வருகிறது

மூடியின் உட்புறம் வெள்ளை. பழைய கிரிக்கெட் கார்டின் ஓரமும் வெள்ளை. இரண்டும் கலந்தால் கார்டு எங்கே முடிகிறது என்று மென்பொருளுக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. பின்னால் கறுப்பு வையுங்கள். அட்டையை விட வெல்வெட் துணி நல்லது, ஒளியை நன்றாக விழுங்கும், கார்டையும் மென்மையாகத் தாங்கும். டர்பனில் கிரே ஸ்ட்ரீட் என்று நாம் இன்னும் சொல்லும் டாக்டர் யூசுஃப் தாதூ தெருத் துணிக்கடைகளில் அரை மீட்டர் வாங்கினால் ஆயுளுக்கும் போதும். பஞ்சு ஒட்டும், ஒட்டுநாடாவால் அவ்வப்போது எடுங்கள். கறுப்பு ஓரக் கார்டுக்கு நடுச் சாம்பல் அட்டை.

கார்டைக் கண்ணாடியின் விளிம்போடு ஒட்டி வைக்காதீர்கள். பல கருவிகள் விளிம்பின் இரண்டு மூன்று மில்லிமீட்டரைப் படிப்பதில்லை. அதோடு சட்டத்தின் மேடு கார்டின் ஓரத்தைத் தூக்கிவிடும். ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். நேராக வைக்க, கண்ணாடி மேல் போடும் அளவுக்குக் கறுப்பு அட்டை வெட்டி அதில் கார்டுக்கான செவ்வகங்களைத் துளைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கோணம் பார்க்கத் தேவையில்லை. ஏ4 கண்ணாடியில் கார்டுகளைப் படுக்கையாக வரிசைக்கு இரண்டாக மூன்று வரிசை, மொத்தம் ஆறு வையுங்கள். எட்டு வைக்கலாம், ஆனால் இடைவெளி மிகவும் சுருங்கி, தானாகப் பிரிக்கும் மென்பொருள் இரண்டை ஒன்றாகப் பிடித்துவிடும். யூ-கி-ஓ கார்டு 59 × 86 மி.மீ., அதற்குத் தனித் துளை அட்டை வெட்டுங்கள்.

நேராக வந்த ஸ்கேனில் அச்சு நடுவில் இருக்கிறதா என்று எண்ணாலேயே சொல்லலாம். இடது ஓரம் 78 பிக்சல், வலது ஓரம் 66 பிக்சல் என்றால் மொத்தம் 144, ஆக 54க்கு 46. தரம் பிரிக்க அமெரிக்காவுக்கு அனுப்பும் செலவைச் செய்வதற்கு முன் இந்தக் கணக்கைக் கட்டாயம் போடுங்கள்.

பாதியில் நிற்கிறது, படத்தில் படிப்படியான பட்டைகள், ஓரங்களில் சிவப்பு நீலக் கீற்று

கீற்றுக்கு முதலில் மேசையைப் பாருங்கள். சி.ஐ.எஸ். வகை சிவப்பு, பச்சை, நீல விளக்குகளை மாறி மாறி எரித்து நிறம் எடுக்கிறது. ஒரு நிறத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மேசை ஆடினால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. மின்விசிறி வைத்த மேசையிலும், துணி துவைக்கும் இயந்திரம் ஓடும் அறையிலும் ஸ்கேன் வேண்டாம்.

பட்டைக்கும் நிற்பதற்கும் காரணம் பெரும்பாலும் மின்சாரம் அல்லது கம்பி. யு.எஸ்.பி.யிலேயே ஓடும் கருவியை மலிவு ஹப்பில் செருகினால் மின்னோட்டம் போதாது. கணினியின் சொந்தத் துளையில், கருவியோடு வந்த குட்டைக் கம்பியிலேயே செருகுங்கள். தரவு வேகம் குறைந்தாலும் சென்சார் வண்டி நின்று நின்று கிளம்பும், கிளம்பும் இடமெல்லாம் பட்டை விழும். டிபிஐயைக் குறைத்துப் பாருங்கள்.

லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) நடக்கும் காலத்தில் யு.எஸ்.பி. கருவிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. லேப்டாப் பேட்டரியிலேயே வேலை முடிந்துவிடும். சி.சி.டி.க்கு சுவர் மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், திரும்பி வரும்போது வரும் அதிர்ச்சி அடாப்டரைச் சாகடிக்கும். நடுவழியில் நின்ற வண்டியைக் கருவியைச் சாய்த்து நகர்த்தாதீர்கள். மின்சாரம் வந்து நிலைத்த பிறகு செருகினால் தானே வீடு திரும்பும். திரும்பாமல் கரகரவென்று அரைத்தால், அடிப்புறத்திலோ பின்புறத்திலோ பயணப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் உண்டு.

கணினியில் கூர்மை, வாட்ஸ்அப்பில் கூழ்

ஸ்கேனருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கும். ஆவணமாக அனுப்புங்கள். டேட்டா செலவு இருவருக்கும் உண்டு, அதனால் 1600 பிக்சல், ஜேபெக் தரம் 90 என்று வைத்தால் அளவும் குறையும், மூலையும் தெரியும். மூலப் பிரதியை டிஃப் அல்லது பிஎன்ஜியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நூற்றுக்கணக்கில் இருந்தால்

காகிதத்தை இழுத்துக்கொள்ளும் வகை ஸ்கேனர் நிமிடத்தில் பல கார்டுகளை இரு பக்கமும் எடுத்துவிடும். ரிக்கோவின் எஃப்.ஐ. வரிசையைக் கார்டு வணிகர்கள் இதற்காகவே வாங்குகிறார்கள். 2023க்கு முன் அதே வரிசை ஃபுஜிட்சு பெயரில் வந்தது, பழையது வாங்கும்போது அந்தப் பெயரையும் தேடுங்கள். நேர்ப்பாதைக் கருவியாக இருக்கட்டும். காகிதத்தை வளைத்துத் திருப்பும் பாதையில் கார்டு மடியும். உருளையின் தடம் ஃபாயிலில் விழும். பொதுவான கார்டுகளுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். வெறும் கார்டையோ அதற்கென விற்கும் தாங்கு உறையையோதான் விடலாம், டாப்லோடரை ஒருபோதும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடிப் பட்டையில் ஒரு தூசி பட்டால் எல்லாக் கார்டிலும் கோடு விழும். ஐம்பது கார்டுக்கு ஒருமுறை துடைப்பது நல்லது.

எதை வாங்குவது

வெறும் கார்டு, பெரும்பாலும் ஃபாயில் இல்லாதது, மேசையில் இடம் குறைவு என்றால் சி.ஐ.எஸ். தாராளமாகப் போதும். லைடு 300இன் 2400 டிபிஐயே கார்டுக்குத் தேவையானதைவிட அதிகம், 4800 வேண்டுமென்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்லாப், டாப்லோடர், காந்தப் பெட்டி, வளைந்த ஃபாயில் என்றால் சி.சி.டி. வாங்குங்கள். புதிதாக வாங்கப் பணம் இல்லாவிட்டால் புதிய சி.ஐ.எஸ். கருவியை விடப் பழைய சி.சி.டி. மேல்.

பழையது வாங்கப் போகும்போது லேப்டாப்பும் அடிக்குச்சியும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்துப் போங்கள். வெள்ளைத் தாளை முழுக் கண்ணாடிக்கும் ஸ்கேன் செய்து கோடு, படலம் பாருங்கள். அடிக்குச்சிச் சோதனையைச் செய்யுங்கள். விளக்கு குழாய் வகையா, எல்.இ.டி.யா என்று கேளுங்கள். குழாய் வகை சூடேறச் சில நிமிடம் ஆகும், முதல் படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்யக் கூடாது. உங்கள் இயங்குதளத்துக்கு டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். தயாரிப்பாளர் கைவிட்டிருந்தாலும் வியூஸ்கேன் பல பழைய கருவிகளை ஓட்டும், அதன் ஆதரவுப் பட்டியலில் மாடல் எண்ணைத் தேடுங்கள். கடைசியாக அடாப்டரின் அடிப்புறத்தைத் திருப்பிப் படியுங்கள். 100–240 அல்லது 220–240 வோல்ட் என்று இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த 120 வோல்ட் மட்டும் ஏற்கும் அடாப்டர் என்றால், நம் 230 வோல்ட் துளையில் செருகிச் சோதித்துப் பார்க்கவும் விடாதீர்கள்.